பீரோ மெலிந்தது

அந்த மரச்சாமான் கடையில் மற்ற விற்பனையாளர்கள் எல்லாம் வாயால் விற்றார்கள். இவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்தே விற்றார். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. முதலாளி முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் பீரோ. வாடிக்கையாளர் முன்னால் மட்டும் மரியாதையாக, பீரோ சார்.

ஏதாவது ஒரு தம்பதி சோபா முன்னால் நின்று, கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, "இது தாங்குமா?" என்று இழுத்தால் போதும். முதலாளி விரலைச் சொடுக்கிக் கூப்பிட மாட்டார். அந்த அளவுக்கு நாகரிகம் தெரிந்தவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதுதான் சைகை. பீரோ எங்கிருந்தாலும் அசைந்து வந்து, திரும்பி, சோபாவின் நட்டநடுவில் தொப்பென்று உட்காருவார். நடுவில்தான் சட்டம் பலவீனமாக இருக்கும். அங்கே தாங்கிவிட்டால் மற்ற இடமெல்லாம் தாங்கும். உட்கார்ந்ததோடு விடாமல் லேசாக ஒரு குதியும் போடுவார். சோபா முனகாது. அந்த அமைதியில் கணவர் மனைவியைப் பார்ப்பார், மனைவி நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள். வியாபாரம் முடிந்தது.

"நம்ம கடைக்கு கேரண்டி கார்டே வேணாம். பீரோ இருக்காரு" என்பார் முதலாளி. பீரோவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போது அந்தச் சிரிப்பும் கூடவே கழன்று விழும்.

அறிவுரைக்கு அவர் வாழ்க்கையில் பஞ்சமே இருந்ததில்லை. அக்கா போனை எடுத்ததும் "நல்லா இருக்கியா?" என்று கேட்க மாட்டாள், "இளைச்சியா?" என்றுதான் கேட்பாள். அக்காவின் கணவர், அதாவது அத்தான், வெந்நீரில் ஆரம்பித்து வெறும் வயிற்று நடை வரைக்கும் ஒரு பிரசங்கம் வைத்திருந்தார். கீழ்வீட்டுக்காரர் லிப்டுக்குள் நின்றுகொண்டே, "நீங்க படியில ஏறலாமே சார், உடம்புக்கு நல்லது" என்பார். பீரோ எல்லாவற்றையும் செய்து பார்த்தார். எல்லா ரகப் பட்டினியும் கிடந்தார். எடை கொஞ்சம் இறங்கும். யாராவது கவனிப்பதற்குள், வெளியூர் போன விருந்தாளி பெட்டியை மறந்துவிட்டதுபோலத் திரும்பி வந்துவிடும். வரும்போது ஒன்றிரண்டு உறவினரையும் கூட்டிக்கொண்டு வரும்.

கடைசியில் அவரை முடிவெடுக்க வைத்தது அந்த லிப்டுதான். ஒரு நாள் காலை மேல்மாடியில் முதல் ஆளாக ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் ஏறினார்கள். கடைசியாக ஓர் ஒல்லி மனிதர், தன்னைவிடப் பெரிய இரும்புப் பெட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். அபாயமணி அடித்தது. எல்லாத் தலையும் பீரோ பக்கம் திரும்பியது, பெட்டிக்காரர் தலை உட்பட. பீரோ பழக்கப்பட்டவர், யாரும் சொல்வதற்கு முன்னால் வெளியே இறங்கினார். மணி நிற்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் மணியைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் பெட்டிக்காரரும் இறங்க, மணி நின்றது. பீரோ மறுபடி ஏற ஓர் அடி எடுத்து வைத்தார். "நேரமாச்சு" என்று கீழ்வீட்டுக்காரர் பொத்தானை அமுக்கினார். கதவு மூடிக்கொண்டது.

பெட்டிக்காரர் பெருமூச்சு விட்டு, "உங்களால எனக்கும் லேட்டு" என்றார்.

அன்று பீரோ படியில்தான் இறங்கினார். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார். தரைக்கு வரும்போது முடிவு செய்திருந்தார்.

எடையைக் குறைக்க அறுவை சிகிச்சை என்றதும் வீட்டில் பஞ்சாயத்து கூடியது. இத்தனை வருஷம் "இளைச்சியா?" என்று கேட்ட அக்காவே தலையில் கைவைத்துக்கொண்டாள். "வயித்தையா வெட்டப் போற? நல்லா இருக்கிற உடம்புடா அது!"

அத்தான் கேக்கின் அடுத்த துண்டை எடுத்துக்கொண்டே, "இது சோம்பேறிங்க பண்ற வேலை மாப்ள. வாயைக் கட்டினா போதும்" என்றார்.

பீரோவின் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். நாள் முழுக்க மற்றவர்கள் வாயைப் பற்றியே கேட்டுக் களைத்தவள். "வாயை எவ்வளவோ கட்டிப் பாத்தாச்சு அண்ணே. இனிமே வயித்தைத்தான் கட்டணும்" என்றாள். பஞ்சாயத்து கலைந்தது.

டாக்டர் மேஜைமேல் பிளாஸ்டிக் வயிறு ஒன்று வைத்திருந்தார். அதைத் தட்டிக் காட்டி, "இவ்வளவு பெரிய பையை ஒரு வாழைப்பழ அளவுக்குக் கொண்டு வந்துடுவோம்" என்றார். அந்த நேரத்திலும் பீரோவுக்கு வாழைப்பழம்தான் ஞாபகத்துக்கு வந்தது. டாக்டர் அதைக் கவனித்துவிட்டார். "வயித்தைத்தான் நான் சின்னதாக்குவேன். மனசு உங்க பொறுப்பு" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் பழக்கூடையோடு வந்தார்கள். நோயாளி தண்ணீரையே கரண்டியால் நக்கிக்கொண்டிருந்தார் என்பதால், பழங்கள் வீணாகிவிடக் கூடாதே என்று வந்தவர்களே உரித்துச் சாப்பிட்டார்கள். அக்கா திராட்சையை ஒவ்வொன்றாக வாயில் போட்டபடி, "ஒரு வாய் சாப்பிட முடியாமப் போச்சே என் தம்பிக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு, கூழ் போன்றவற்றைக் கடந்து திட உணவுக்கு வந்த முதல் நாள், பாதி அவித்த முட்டை சாப்பிட்டதும் உள்ளேயிருந்து யாரோ "போதும்" என்றார்கள். பீரோ அதிர்ந்துபோனார். பிறந்ததிலிருந்து அவருடைய வயிறு அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. வீட்டில் ஊமை என்று நினைத்துக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று வாய் திறந்ததுபோல இருந்தது. அதன் பேச்சை மீறி இன்னொரு வாய் வைத்தபோது, அது பேச்சோடு நிற்கவில்லை. குளியலறை வரை விரட்டிக்கொண்டு போனது.

உடம்பு கரையத் தொடங்கியது. கூடவே தலைமுடியும் கொட்டியது. எப்போதும் குளிரெடுத்தது, எல்லோரும் விசிறிக்கொள்கிற பகலில் அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிந்தார். வயிற்றுத் தோல், ஆள் காலி செய்துவிட்டுப் போன கூடாரம் மாதிரித் தொங்கியது. ஆனால் முழங்கால் வலிக்கவில்லை. குனிந்து தன் செருப்பைத் தானே மாட்டிக்கொண்ட அன்று, கழற்றி இன்னொரு தடவையும் மாட்டிப் பார்த்தார்.

ஊர் வாய் மட்டும் இளைக்கவில்லை. "குண்டா இருந்தாலும் முகத்துல ஒரு களை இருந்துச்சு" என்றார் கீழ்வீட்டுக்காரர். வேறு சிலர் மனைவியைத் தனியாக நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "எங்ககிட்ட மறைக்காதீங்க, என்ன வியாதி?" என்று விசாரித்தார்கள். அத்தான் போகிற இடமெல்லாம் அவரை இழுத்துப் போய், "இவன் என் மச்சினன். பயந்துக்கிட்டே இருந்தான், நான்தான் தைரியம் சொல்லி அனுப்பினேன்" என்று காட்சிக்கு வைத்தார். அக்கா ஒரு நாள் போனில் டாக்டர் நம்பர் கேட்டாள். "எனக்கில்லடா, தெரிஞ்சவங்க ஒருத்தங்களுக்கு. அவங்களும் என்னை மாதிரியே உயரம்."

கடையில்தான் நிலைமை மோசம். முதலாளி கண்ணாடியைத் துடைத்தார். பீரோ வந்து உட்கார்ந்தார். வாடிக்கையாளர், "இவர் உட்கார்ந்தா எந்த சோபாதான் உடையும்?" என்றார். அதோடு இன்னொரு வில்லங்கமும் சேர்ந்தது. பின்புறத்துச் சதையெல்லாம் போய் எலும்பு மட்டும் மிஞ்சியதில், பல வருஷம் தான் புகழ்ந்து விற்ற சோபாவின் லட்சணம் அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. ஒரு முறை வாடிக்கையாளர் முன்னாலேயே சட்டென்று எழுந்து, "ஐயோ, இதுல ஸ்பிரிங் குத்துதுங்க!" என்று சொல்லிவிட்டார். முதலாளி அன்று கண்ணாடியைத் துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

பிறகு முதலாளிக்கு ஒரு யோசனை பிறந்தது. பழைய பீரோவின் படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, சோபா வரிசைக்கு மேலே மாட்டினார். கீழே, 'இவரையே தாங்கியது' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தார். மறுநாளே ஓர் அம்மா அந்தப் படத்தின் முன்னால் நின்று, பீரோவிடமே, "பாவம், நல்ல மனுஷனா தெரியறாரு. எப்படிப் போனாரு?" என்று கேட்டாள்.

"ஆபரேஷன்ல" என்றார் பீரோ. பொய் சொல்லவில்லை.

அந்த அம்மா சோபாவும் வாங்கவில்லை, நாற்காலியும் வாங்கவில்லை. படம் இறங்கியது. அடுத்த வாரம் புதிய ஆள் வந்தார். வயதில் சிறியவர், வாசலில் அவர் நுழைந்தபோது கடைக்குள் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது. அவருக்கும் பீரோ என்றே பெயர் வைத்தார்கள். நம்மவர் ஸ்டூல் ஆனார். கடைக்காரர்கள் எப்படியோ கூப்பிட்டுக்கொள்ளட்டும். நாம் பழைய பெயரையே வைத்துக்கொள்வோம்.

பீரோவை முதலாளி வேலையைவிட்டு அனுப்பவில்லை. விற்கிற இடத்தில் உண்மை பேசுகிற பின்புறம், வாங்குகிற இடத்தில் உதவும் என்று கண்டுபிடித்தார். சோபா செய்து கொடுக்கும் பட்டறைகளுக்கு அவரை அனுப்பி, சரக்கு எடுப்பதற்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். எங்கே குத்துகிறது, எங்கே பஞ்சு குறைவு என்று பீரோ எழுந்தவுடன் சொல்லிவிடுவார். பட்டறைக்காரர்கள் அவரைக் கண்டாலே முகத்தைச் சுளித்தார்கள். முதலாளி பழையபடி சிரித்தார்.

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

முன்பெல்லாம் மாலைச் சாப்பாடு அவர்களுக்கு ஒரு பெரிய காரியம். மனைவி தட்டில் கைவைத்ததும் மருத்துவமனைக் கதை ஆரம்பமாகும். பயந்து நாற்காலியோடு நகர்ந்த வக்கீல், பல்லைப் பிடுங்கிய பிறகு, வலித்தது வேறு பல் என்று சண்டை போட்டவர் என்று ஒவ்வொருவராக வருவார்கள். பீரோ கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்; கதை முடியவில்லை என்று இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்வார். இப்போது அவர் கிண்ணம் காலியாகும்போது, அவள் கதை காலைநேரத்தைக்கூடத் தாண்டியிருக்காது. வேலை முடிந்த கண்கள் சும்மா இருக்குமா? அவள் தட்டுக்குப் போயின. "இன்னொரு ரொட்டியா?" என்று கேட்டார். "அதுல எண்ணெய் ஜாஸ்தி" என்றார். "நல்லா மென்னு சாப்பிடு" என்றார். அவள் ரொட்டியைத் திருப்பி வைத்தாள். சில நாள் கழித்து, "அங்கேயே சாப்பிட்டுட்டு வந்துட்டேன்" என்று சொல்ல ஆரம்பித்தாள். கதையும் அங்கேயே தங்கிவிட்டது. மருத்துவமனையில் வேலை அதிகம்போல என்று பீரோ நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள் கடையின் பின்னறையில் புதியவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். பீரோ எட்டிப் பார்த்தார். "தம்பி, இவ்வளவு வேணாமே. காலையில கொஞ்சம் நடங்க. எழுந்ததும் வெந்நீர்…"

சொல்லும்போதே அந்தக் குரல் எங்கேயோ கேட்டதுபோல இருந்தது. அத்தான் தன் வாய்க்குள் உட்கார்ந்துகொண்டு பேசுவதாகத் தோன்றியது.

புதியவர் கோபப்படவில்லை. "அண்ணே, நீங்க குண்டா இருந்தப்ப இதையெல்லாம் யாரும் சொல்லலையா?"

"எல்லாரும் சொன்னாங்க."

"கேட்டு இளைச்சீங்களா?"

பீரோ சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து பார்வையை எடுத்தார்.

"அப்புறம் ஏண்ணே? அதை விடுங்க. ஆபரேஷன் வலிக்குமா? பயமா இருக்குமா? அதை மட்டும் மறைக்காம சொல்லுங்க."

பீரோ பக்கத்தில் உட்கார்ந்தார். குத்தியது, ஸ்வெட்டரை மடித்துப் போட்டுக்கொண்டார். "வலி கொஞ்ச நாள்தான். நல்லதுதான் தம்பி, நான் வருத்தப்படல. படியேறி வந்து மூச்சு வாங்காமப் பேசுறேன். ஆனா ஒண்ணு யாரும் சொல்லல. சாப்பாடு குறைஞ்சா, சாப்பிட உட்கார்ற நேரமும் குறைஞ்சிடுது. வீட்டுல பேசறதெல்லாம் அந்த நேரத்துலதான்…"

அங்கே நிறுத்திக்கொண்டார். புதியவர் அவரைப் பார்த்தார். "என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. நீங்க சாப்பிடுங்க. நல்லா சாப்பிடுங்க."

அன்று மாலை மனைவி வருவதற்கு முன்னால் அவரே மேஜையில் எல்லாம் எடுத்து வைத்தார். அவள் கைப்பையைக்கூட வைக்காமல், "எனக்குப் பசிக்கல" என்றாள்.

"எனக்குந்தான் பசிக்கல. உட்காரு."

"உட்கார்ந்தா என் தட்டை அளப்பீங்க. முன்னாடி உங்களோட சாப்பிட்டேன். இப்ப உங்க எதிர்ல சாப்பிடுறேன். பரீட்சை எழுதுற மாதிரி இருக்கு."

பீரோவுக்கு முகம் சுருங்கிப்போனது. தோல் ஏற்கெனவே தளர்ந்திருந்ததால் அது அதிகமாகவே தெரிந்தது. "இத்தனை பேர் என் தட்டைப் பாத்தாங்க. நீ ஒருத்திதான் பாக்கல. அந்த வேலையை நான் உன்கிட்டயே பண்ணியிருக்கேன்" என்றார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, எதிரே போடாமல் அவள் பக்கத்தில் போட்டார்.

அவள் கைப்பையை இறக்கி வைத்தாள். பிறகு உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தாள். "இன்னிக்கு ஒருத்தர் வந்தாரு" என்றாள், வேண்டாவெறுப்பாக. "பல்செட் வாங்கிட்டுப் போனவரு. திருப்பிக் குடுக்க வந்திருக்காரு. ஏன்னு கேட்டா, இதைப் போட்டா எந்நேரமும் சிரிச்ச முகமாத் தெரியுதாம். வீட்டுல யாரும் மதிக்கலையாம்."

பீரோ சிரித்தார். முட்டை தொண்டையில் மாட்டிக்கொண்டது. இருமி, கண்ணில் நீர் வந்து, எழுந்து நின்றுவிட்டார். அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். இப்போதெல்லாம் அடித்தால் கை வலித்தது அவளுக்கு. "மென்னு முழுங்குங்கன்னு ஆபரேஷன் பண்ண இடத்துல அந்த நர்ஸ் பொண்ணு படிச்சுப் படிச்சு சொல்லல? கதை எங்கயும் ஓடிப்போகாது."

உட்கார்ந்தார். ஒரு கடுகளவு எடுத்து, மெதுவாக மென்றார். கிண்ணத்தில் இருந்ததை எப்படியெல்லாம் இழுத்தடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவள் கை இன்னொரு ரொட்டிக்குப் போனது தெரிந்தது. பீரோ ரொம்ப அக்கறையாக ஜன்னலைப் பார்த்தார்.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறமென்ன, டாக்டர் வெளிய வந்து ஒரு பார்வை பாத்தாரு பாருங்க…" என்று அவள் வாய் நிறைய ரொட்டியோடு தொடர்ந்தாள்.