நியேவெஸ் வாயைத் திறக்கவில்லை

எங்கள் தெருவில் எந்த வீட்டில் எத்தனை வாய் என்று எனக்குத் தெரியாமல் இருக்குமா? சனிக்கிழமை தவறாமல் சோளமாவில் தமாலே அவித்து விற்பவள் நான். எங்கள் தெருக்காரர் எவுசெபியோ நாலு டஜன் வாங்குவார். ஆனால் போன தடவை எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் அவர் வீட்டில் இருந்தது இரண்டே பேர். அவரும் மனைவியும்!

டெக்சஸ் எல்லையோரத்தில் எங்கள் குடியிருப்பு முழுக்க இப்படித்தான். மனைக்கு ஒரே தபால்பெட்டி. பின்னால் மகனுக்கு ஒரு தகர வீடு, அக்கா மகனுக்கு இன்னொன்று. பின்னால் இருப்பவர்களைச் சொன்னால் குடியேற்றக் காகிதம் இல்லாதவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயம். அதனால் சொல்வதில்லை. கடைசியில் என்ன ஆயிற்று? இவ்வளவு கொஞ்ச ஜனத்துக்கு எதற்கு என்று, வாரம் இருமுறை வந்த வைத்திய வண்டியை நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரி நாற்பது மைல். எவுசெபியோவின் மருமகள் அராசெலிக்குத் தலைப்பிள்ளை அங்கே போகிற வழியில் காரிலேயே, நடுரோட்டில் பிறந்தது. இப்போது மறுபடி ஏழு மாதம்.

இந்தத் தடவை கணக்கெடுக்க வந்தவள் எங்கள் டயர்க்கடைக்காரர் மகள் நியேவெஸ். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் வாட்டம். எவுசெபியோ வீட்டிலிருந்து நேராக என் அடுப்புக்குத்தான் வந்தாள்.

"என்னடி, எவுசெபியோ எத்தனைன்னு சொன்னாரு?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது அத்தை."

"எங்கிட்டயேவா? நீ பொறந்தப்ப கையில வாங்கினவடி நான்!"

"கையத் தூக்கி சத்தியம் பண்ணியிருக்கேன். சாகுற வரைக்கும் சொல்ல மாட்டேன்."

"ரெண்டு தமாலே சும்மா தரேன்."

"பானையோட தந்தாலும் கிடையாது. போலீஸ் கேட்டாலும் குடுக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு."

தமாலே வாங்கப் பாத்திரத்தோடு வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார் எவுசெபியோ. அவள் கவனிக்கவில்லை.

"ஏம்மா, உங்கம்மாகிட்டயுமா சொல்லல?" என்றார்.

நியேவெஸ் துள்ளித் திரும்பினாள். "சொல்லல மாமா."

"அவ அடிப்பாளே!"

"அடிச்சாங்க."

காலையில் தும்மினால் மதியத்துக்குள் தெருவே மருந்து சொல்லும் ஊர் இது. இங்கே ஒருத்தி வாயை மூடிக்கொண்டு அடியும் வாங்கியிருக்கிறாள்! எவுசெபியோ பாத்திரத்தைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தார்.

"மத்தியானம் மறுபடி வாம்மா. என் மருமக இன்னொரு தடவ ரோட்டுல பெத்துக்க வேணாம்."

மதியம் போய்ப் பார்த்தால், மனிதர் ஞானஸ்நானத்துக்குப் போகிற மாதிரி வெள்ளைத் தொப்பி, பளபளக்கிற பூட்ஸ்! பின்னால் மகன்கள், மருமகள்கள், அக்கா மகன், ஈரத்தலை வாரிய பிள்ளைகள்.

"பதிமூணு பேரு! ஒருத்தர விடாம எழுது!"

நான் கழுத்தை நீட்டினேன். நியேவெஸ் முறைத்தாள். "அத்தை, நீங்க தள்ளிப் போங்க."

"அவரே ஊருக்குக் கேக்குற மாதிரி கத்துறாரு, நான் போகணுமா?"

"அவர் கத்தலாம். நீங்க கேக்கக்கூடாது."

திட்டிக்கொண்டே வந்தேன். உள்ளுக்குள் அப்படி ஒரு பெருமை, எங்கள் பெண்ணல்லவா!

விஷயம் பரவி, சாயங்காலம் வீட்டுக்கு வீடு பின்கட்டு ஜனமெல்லாம் துவைத்த சட்டையோடு முன்வாசலுக்கு வந்து நியேவெஸுக்காகக் காத்து நின்றது. போன தடவை இங்கே ஆளே இல்லை என்று எழுதினார்களே, அன்றைக்கு எங்கள் தெருவில் நடக்க இடமில்லை.