முதலில் யார் வாயைத் திறப்பது

அந்த நிர்வாகப் படிப்பில் சேர்ந்தவர்களுக்கு அப்பா அம்மா ஆசை ஆசையாக வைத்த பெயரெல்லாம் முதல் வாரத்தோடு சரி. யார் எந்த வேலையிலிருந்து வந்தார்களோ அதுதான் அப்புறம் பெயர். சிமெண்ட் கம்பெனியிலிருந்து வந்தவன் சிமெண்ட். பிஸ்கட் கம்பெனியில் விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தவள் பிஸ்கட். டயர் கம்பெனி அனுப்பிப் படிக்க வந்தவன் டயர். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்ப்பதாகக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்திருந்தான். பெரிய மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளுக்குப் படுக்கை ஒதுக்கிக்கொண்டிருந்தவள் ஆஸ்பத்திரி. சண்டைக்கு வருகிற சொந்தக்காரர்களைச் சமாளித்துச் சமாளித்தே அவள் பொறுமையில் பட்டம் வாங்கியிருந்தாள்.

இந்தப் பெயர் விஷயத்தில் பாவம், அவதிப்பட்டது டயரின் அக்காதான். எப்போது போன் பண்ணி எங்கே இருக்கிறாய் என்று கேட்டாலும், ஆஸ்பத்திரியோடு இருக்கிறேன் என்பான். காலையிலும் ஆஸ்பத்திரி, சாயங்காலமும் ஆஸ்பத்திரி. தம்பிக்கு என்னவோ பெரிய வியாதி, நம்மிடம் மறைக்கிறான் என்று அக்கா தன் வீட்டுக்காரரிடம் ஒருநாள் கண்ணைக் கசக்கியே விட்டாள். உண்மை தெரிந்ததும் அந்தக் கவலை போய் வேறொரு கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. இவன் அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னானா இல்லையா என்பதுதான் அது.

சொல்லவில்லை. வகுப்புக்கே தெரிந்திருந்தது, பிஸ்கட் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள், கேன்டீன்காரர் இரண்டு காபியைச் சேர்த்தே கொண்டுவந்து வைக்கப் பழகிவிட்டார். சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் மட்டும் ஏதோ கம்பெனியின் நஷ்டக் கணக்கை வைத்துக்கொண்டு தலையோடு தலை முட்டக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கம்பெனி எப்போதோ இழுத்து மூடப்பட்டுவிட்டது. அதைக் காப்பாற்ற இவர்களுக்கு அப்படி என்ன அக்கறையோ!

இந்த நேரம் பார்த்துத்தான் பேரம் பேசும் வகுப்பு வந்து சேர்ந்தது. பேராசிரியர் குரலே உயர்த்தாத மனிதர். முதல் நாளே ஒரு சட்டம் சொன்னார். முதலில் விலை சொல்கிறவன் பாதி தோற்றவன். வாயை மூடிக்கொண்டு இருங்கள், அந்த மௌனத்தை எதிராளியால் தாங்க முடியாது, அவனே பேசி அவனே இறங்கி வருவான். மற்றவர்கள் இதைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டார்கள். டயர் பிறவியிலேயே கல்லுளிமங்கன். இதுநாள் வரை குறை என்று எல்லாரும் சொன்ன ஒன்றுக்கு மதிப்பெண் கொடுக்கிறார்கள் என்றால் விடுவானா?

பயிற்சியில் சிமெண்ட் ஒரு தொழிற்சாலையை இவனுக்கு விற்க வேண்டும். டயர் அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சிமெண்ட் விலையைக் குறைத்தான். இவன் பார்த்தான். இரண்டு லாரியைச் சேர்த்துக் கொடுத்தான். இவன் அப்போதும் பார்த்தான். கடைசியில் சிமெண்ட், நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா என்று கேட்டான். அந்தப் பாடத்தில் டயர்தான் முதல்.

அதோடு தலைக்கனம் ஏறிவிட்டது. எங்கே போனாலும் வாயைத் திறக்காமல் ஜெயிக்கப் பார்த்தான். முடி வெட்டுகிறவர் எப்படி வெட்டட்டும் என்று கேட்டதற்கும் கண்ணாடியில் அவரையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர் தன் இஷ்டத்துக்கு ஒட்ட வழித்து அனுப்பிவிட்டார். தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டானே தவிர, புத்தி வரவில்லை.

படிப்பு முடிகிற சமயத்தில் ஆஸ்பத்திரிக்கு இரண்டு வேலை வந்தது. ஒன்று இதே ஊரில், இரத்தப் பரிசோதனைக் கூடங்கள் நடத்துகிற கம்பெனியில். இன்னொன்று கடல் தாண்டி, விமானம் மாறிப் போகிற தூரத்தில், பெரிய மருத்துவமனையில். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். புதன்கிழமை கேன்டீனில் அவள் காபியைத் தள்ளி வைத்துவிட்டு டயரிடம் கேட்டாள்.

"எதுக்குப் போகட்டும்? நீ என்ன சொல்ற?"

போகாதே என்று சொல்லத்தான் அவனுக்கு ஆசை. ஆனால் அதைச் சொல்ல நீ யார் என்று அவள் திருப்பிக் கேட்டுவிட்டால்? முதலில் அவள் மனதில் இருப்பது வெளியே வரட்டும், அப்புறம் நம்முடையதைச் சொல்லலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டான். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டான்.

மறுநாள் மத்தியானம் அட்டவணை ஒன்றோடு வந்தான். சம்பளம், பதவி உயர்வு, வீட்டு வாடகை, மழை, வெயில், பஸ் வசதி, எல்லாவற்றுக்கும் மதிப்பெண். உள்ளூர் வேலை ஜெயிக்கட்டும் என்று மழையையும் வெயிலையும் ஆனமட்டும் ஏற்றி இறக்கிப் பார்த்திருந்தான். ஆனால் கணக்கில் பொய் சொல்ல அவனுக்கு வராது. கடல் தாண்டிய வேலைதான் ஜெயித்தது.

அவள் அதை மேலிருந்து கீழே படித்தாள். மறுபடியும் மேலே போய்ப் படித்தாள்.

"இவ்வளவுதானா? வேற எதுவும் சேர்க்கறதுக்கு இல்லையா?"

"சேர்க்கலாமே. என்ன சேர்க்கணும்னு சொல்லு."

"நான் ஏன் சொல்லணும்? நீ சொல்லு."

டயர் வாயை மூடிக்கொண்டான். இதோ சொல்லிவிடுவாள், இதோ சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தான். ஒன்றை மறந்துவிட்டான் அந்த மகா புத்திசாலி. அவளும் அதே பேராசிரியரிடம் படித்தவள், அதே பாடத்தில் இரண்டாவது. அவளும் வாயைத் திறக்கவில்லை. கேன்டீன்காரர் பக்கத்து மேஜைகளைத் துடைத்தார், நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டார், காலைத் தூக்கச் சொல்லி இவர்களுக்குக் கீழேயும் பெருக்கிவிட்டுப் போனார். கடைசியில் அவள் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். ரொம்ப தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

சாயங்காலம் அக்காவிடம் நடந்ததைச் சொன்னான். அட்டவணையைப் பற்றிச் சொன்னபோது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"டேய், நீ அவள வாங்கப் போறியா, விக்கப் போறியா?" என்று கேட்டாள் அக்கா. "கட்டிக்கணும்னு ஆசை இருக்கா, இல்லையா?"

இருக்கிறது என்றான். அப்படியென்றால் சொல்வதற்கென்ன கேடு என்றாள். அவள் முதலில் சொல்லட்டும் என்று பார்க்கிறேன் என்றான்.

"அவ கிளம்பிப் போயிட்டா, அப்புறம் நீ யார்கிட்டடா ஜெயிக்கப் போற?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள் அக்கா.

அப்போதுதான் பயம் வந்தது. நிஜமான பயம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான், அவள் எடுக்கவில்லை. காலையில் தொப்பியைக்கூட மறந்துவிட்டு, ஒட்ட வழித்த தலையோடு நூலகம், வகுப்பு, கேன்டீன் என்று தேடி ஓடினான். பிஸ்கட்தான் ஜெராக்ஸ் அறையைக் கை காட்டினாள். ஆஸ்பத்திரி பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் கவிழ்த்து வைத்துப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு உன்னைக் கட்டிக்கணும்" என்றான் வாசலிலேயே நின்று.

அவள் திரும்பினாள். பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இயந்திரம் மட்டும் காகிதத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த மௌனத்தை டயரால் தாங்க முடியவில்லை. சமையல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவள் பேசவில்லை. பாத்திரமும் நானே தேய்க்கிறேன் என்றான். உங்கள் அம்மா நம்மோடுதான் இருக்க வேண்டும் என்றான். என் குறட்டைக்கு டாக்டரைப் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியாத குறட்டையையும் காட்டிக்கொடுத்தான். சிமெண்ட்கூட இவ்வளவு இறங்கியதில்லை.

"முடிஞ்சுதா?" என்று கேட்டாள். கண் நிறைந்திருந்தது. "நீ முதல்ல சொன்னதுக்கே சரின்னு சொல்ல வந்தேன். அழுகை தொண்டைய அடைச்சிடுச்சு. அதுக்குள்ள நீ பாத்திரம் வரைக்கும் போயிட்ட."

டயருக்குத் தலைகால் புரியவில்லை. அசடு வழியச் சிரித்துக்கொண்டு, அப்படியானால் இந்த ஊர் வேலையையே எடுத்துக்கொள் என்றான். அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"நேத்து சாயங்காலமே அந்த ஊருக்கு வரேன்னு எழுதிட்டேன்."

"ஏன்?"

"உன் அட்டவணையில சம்பளம் இருந்துச்சு. வாடகை இருந்துச்சு. மழை வெயில்கூட இருந்துச்சு. நீதான் இல்ல."

இப்போதுகூட வரவில்லை என்று எழுதிவிடலாமே என்று கெஞ்சினான். எழுதலாம், ஆனால் அந்த வேலை எனக்கும் பிடித்திருக்கிறது, சொல்லிவிட்டு மாற்றிப் பேசவும் மனசு வரவில்லை என்றாள். அவனாலும் கிளம்பிப் போக முடியாது, டயர் கம்பெனிக்குப் போட்டுக்கொடுத்த கையெழுத்து இருக்கிறது. இரண்டு வருடம். புதன்கிழமை ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த இரண்டு வருடம் கையில் இருந்திருக்கும். வாயை மூடிக்கொண்டே கோட்டை விட்டுவிட்டான். அழுகை வந்தது, மறைக்கத் தோன்றவில்லை.

அவள் பாஸ்போர்ட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் வந்து அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"ரெண்டு வருஷம் போன்லதான் ஓட்டணும். ஆனா தினமும் நீதான் கூப்பிடணும். முதல்ல நீதான் பேசணும்."

"ஞாயிற்றுக்கிழமைகூடவா?"

அவள் பதில் சொல்லாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடறேன்" என்றான்.