பதினாறு டிகிரி

நூர் இருக்கும் தண்ணீர் பதினாறு டிகிரியில் இருக்க வேண்டும். ஒன்று கூடினாலும் அம்மையப்பனின் போன் அலறும். துபாயில் ஒரு கடல்வாழ் காட்சியகத்தில் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லருக்கு அவன் மெக்கானிக். நூர் ஒரு ரோமக் கடல்நாய்; கம்பளி போர்த்திக்கொண்டே பிறந்த ஜீவன். உடம்புச் சூடு வெளியேற அதற்கு நாலு துடுப்புதான் வழி, அங்கேதான் அடர்ந்த ரோமம் கிடையாது. சூடு ஏறினால் துடுப்பைத் தூக்கி விசிறும். இதைப் பராமரிப்பாளர் ரவிசங்கர் தினமும் மூன்று காட்சிக்கு மைக்கில் சொல்லுவார். அம்மையப்பனுக்கே மனப்பாடம்.

தொழிலாளர் கேம்பில் அவன் ரூமில் ஏசி செத்து ஒன்பது நாளாகிறது. ஜூலை மாசம், எட்டுப் பேர். கேட்டால் பார்ட் மாஃபி, சாமான் இல்லை, நாளைக்கு என்பார்கள். முந்தாநாள் நூரின் சில்லரில் ஒரு வால்வு போனது. மூன்று மணி நேரத்தில் புதுசு வந்து இறங்கியது. நூர் மேல் அவனுக்குக் கோபமில்லை, அது கேட்டா வந்தது? ஆனாலும் வயிறு எரிந்தது.

அதே கட்டடத்துக்கு வெளிக் கண்ணாடி துடைக்கும் மாயாண்டி அவன் ரூம்காரன், பரமக்குடிப் பக்கம். அன்று காலை பின்வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். உடம்பு கொதித்தது, பொட்டு வேர்வை இல்லை. ஆஸ்பத்திரி என்றதும் அம்மையப்பனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம்ண்ணே. அடுத்த வாரம் விசா புதுப்பிக்கணும். சீக்காளின்னு தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிருவாய்ங்க."

அம்மையப்பன் அவனை நூர் படுக்கும் ஈரத் திட்டுக்குக் கூட்டிப்போய், கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கிடத்தினான். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பதினாறு டிகிரித் தண்ணீரை ஊற்றினான். அந்தப் பக்கம் நூர் துடுப்பை விரித்துப் படுத்திருந்தது. இந்தப் பக்கம் மாயாண்டி கையை விரித்துக் கிடந்தான். அரை மணி கழித்துக் கண் திறந்து, "நல்லாருக்குண்ணே" என்றான்.

கேமராவில் பார்த்துவிட்டு ரவிசங்கர் ஓடிவந்தார், பின்னாலேயே கால்நடை மருத்துவர். என்ன இருந்தாலும் டாக்டர் ஆயிற்றே என்று அம்மையப்பனுக்கு உயிர் வந்தது. டாக்டர் நேராகத் தடுப்பைத் தாண்டி நூரிடம் போனார். காய்ச்சல் பார்த்தார், ரத்தம் எடுத்தார்.

"இதுக்கு ஏதாவது தொத்துச்சுன்னா யாருப்பா பதில் சொல்றது? முதல்ல அவனை வெளியில அனுப்பு" என்றார் ரவிசங்கர்.

வேனாவது கொடுங்கள் என்று அம்மையப்பன் கெஞ்சினான். வேன் நூரின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போயிருந்தது. செக்யூரிட்டி மாயாண்டியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், கம்பெனி பஸ் வரட்டும் என்று பின்கேட்டில் விட்டார். அங்கே நிழல் கிடையாது. அம்மையப்பனை மருந்து போட்டுத் தரையைக் கழுவச் சொன்னார்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் கழுவினான். அதற்காகப் பிறகு அவன் தன்னை மன்னிக்கவே இல்லை.

கழுவிவிட்டு ஓடியபோது மாயாண்டி நடைபாதையில் கிடந்தான். மூச்சில்லை.

இயற்கை மரணம் என்று எழுதினார்கள். நூருக்கு ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது.

மறுநாளும் டியூட்டி இருந்தது. அம்மையப்பன் தண்ணீரின் சூட்டைப் பார்த்துத் தாளில் பதினாறு என்று எழுதினான். மைக்கில் ரவிசங்கர், சூடு வெளியேற வழியில்லாவிட்டால் இந்த ஜீவன் செத்துப்போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கூட்டத்தில் யாரோ ஒரு தமிழ்ப் பெண் "ஐயோ பாவம்" என்றாள்.