பீஸின் மேல் போட்ட பழி

எங்கள் வீட்டில் எது பிழையாகப் போனாலும் பழி பீஸின் மேல்தான் விழும். ஷெல் துண்டை எங்கள் பக்கத்தில் பீஸ் என்றுதான் சொல்வார்கள். என் மனுசன் அனிஸ்ரனின் தலைக்குள், வலது காதுக்குப் பின்னால், அப்படி ஒன்று கிடக்கிறது. கடைசிச் சண்டையில் வாங்கியது. சோற்றில் உப்புக் கூடிவிட்டது என்று அவர் கத்தினால்கூட, அவரின் தாய், என் மாமி, குசினி வாசலில் நின்று, "பாவம், பிள்ளைக்குப் பீஸ் குத்துது போல" என்பா. உப்பு உண்மையிலேயே கூடித்தான் இருக்கும். நான் வாய் திறக்கமாட்டேன்.

முல்லைத்தீவுக் கரையில் அந்தப் பீஸுக்குத் தனி மதிப்பு. கடலுக்குப் போகலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு இவர் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லுவார். "பீஸ் பேசாமல் கிடக்கு, துணிஞ்சு போங்கோ" என்பார். பாதி நாள் அது பிழையாகிவிடும். பிழையான நாட்களை ஒருவரும் நினைவில் வைத்திருப்பதில்லை, சரியாக வந்த நாட்களைத்தான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிவார்கள்.

அதே ஷெல்தான் அவருடைய அண்ணன் ஜெறாட்டைக் கொண்டுபோனது. ஓட ஓடப் புதைத்த இடம். இன்றைக்குப் போய் இதுதான் என்று காட்ட முடியாது. அதனால் நவம்பர் மாதம் கல்லறைத் திருநாளில், கல்லறை இல்லாத மற்றவர்களோடு சேர்ந்து, சேமக்காலையின் நடுவில் உள்ள பெரிய சிலுவையடியில்தான் நாங்கள் மெழுகுதிரி கொளுத்துவோம். கொளுத்தி முடிந்ததும் இவர் ஒவ்வொரு வருசமும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லுவார்: "அண்ணா, நானும் கெதியில வந்திடுவன்." பக்கத்தில் பெண்சாதியும் மகள் மேனுகாவும் நிற்கிறோம் என்ற எண்ணமே இராது. சாவதற்கு அப்படி என்ன அவசரம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பீஸ் ஒரு நாள் நகரும், நகர்ந்தால் ஆள் முடிந்தது, எடுக்கத் தலையைத் திறந்தாலும் ஆள் முடிந்தது என்று, சண்டை முடிந்து இருந்த அகதி முகாமில் யாரோ இவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று கேட்டால் ஒரு நாள் டொக்டர் என்பார், இன்னொரு நாள் பக்கத்துக் கூடாரத்து ஐயா என்பார். ஆள் மாறினாலும் தீர்ப்பு மாறாது.

போன மாரியில்தான் அது தொடங்கியது. கதைத்துக்கொண்டிருக்கும்போதே பேச்சு அறுந்து போகும். வாய் வலப்பக்கம் இழுக்கும், வலக்கை விரல்கள் துடிக்கும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகி, விட்ட இடத்திலிருந்து கதைப்பார். மாமி உடனே சொல்லிவிட்டா: "பீஸ் நகர்ந்திட்டுது." அந்தோனியாருக்கு நேர்த்தியும் வைத்தா. ஊரும் அதையே சொன்னது. நானும் நம்பினேன். எங்கள் ஊரில் ஒருவருக்குத் தலையில் ஏதும் வந்தால் வேறு எதை நினைக்கத் தோன்றும்?

பங்குனியில் கரைவலை இழுத்துக்கொண்டு நின்றவர் கயிறோடு மணலில் விழுந்தார். முழு உடம்பும் வலிப்பில் வெட்டி இழுத்தது. ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே தலையை ஸ்கான் எடுத்தார்கள். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு எங்களைக் கூப்பிட்டவர் கௌசலா டொக்டர். மூளையில் சத்திரசிகிச்சை செய்கிறவர். என்னைவிட வயது குறைவாக இருக்கும்.

"அண்ணை, இந்தா உங்கட பீஸ்" என்று காட்டினார். பச்சையரிசி மணி போல வெள்ளையாக ஒன்று. இவ்வளவு காலமும் எங்கள் வீட்டை ஆட்டிப்படைத்தது இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

"இது ஒரு இடமும் நகரேல்லை. சுத்திவர வீக்கமும் இல்லை. உங்கட வலிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை." டொக்டரின் விரல் படத்தின் மற்றப் பக்கத்துக்குப் போனது. அங்கே மங்கலாக ஒரு நிழல். "பிரச்சினை இதுதான். இடது பக்கம், முன்னுக்கு. இது ஒரு கட்டி."

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கள் படத்தை மாறி மாட்டியிருக்கிறியள், டொக்டர்."

டொக்டர் படத்தைக் கழற்றி இவர் கையிலேயே கொடுத்தார். இவர் அதைத் திருப்பிப் பிடித்தார், கவிழ்த்துப் பிடித்தார், யன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"எப்பிடித் திருப்பினாலும், அண்ணை, ரெண்டும் ரெண்டு பக்கமாத்தான் நிக்கும்" என்றார் டொக்டர்.

பிறகு ஆறுதலாக விளங்கப்படுத்தினார். மூளையின் நரம்புகளுக்குத் தாங்கலாக நட்சத்திர வடிவில் ஒரு வகைக் கலங்கள் இருக்கின்றனவாம். அவை அளவில்லாமல் பெருகினால் வருவது அஸ்ரோசைற்றோமா. படத்தைப் பார்த்தால் அதுபோலத்தான் இருக்கிறது. அதிலும் நாலு தரம். முதலாவது பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வருவது, முழுவதும் எடுத்துவிட்டால் அநேகமாக அதோடு சரி. இரண்டாவது மெதுவாக வளரும், ஆனால் வேர் விடும். மூன்றாவதுக்கு வேகம் கூட. நாலாவது பொல்லாதது.

"எங்கட எத்தினையாவது?" என்று கேட்டேன்.

"அதை இந்தப் படத்தில சொல்லேலாது, அக்கா. எம்.ஆர்.ஐ. எடுத்தால் இன்னும் தெளிவாத் தெரியும். ஆனால் அது பெரிய காந்தம். பீஸ் இரும்பெண்டால் இழுத்து அசைச்சுப்போடும்."

"பாத்தியோ!" என்றார் இவர் என்னைப் பார்த்து, வழக்கில் வென்ற ஆள் மாதிரி.

"எடுத்தாலும் முடிவான மறுமொழி கிடையாது" என்றார் டொக்டர். "தலையைத் திறந்து, எடுக்கக்கூடிய அளவு கட்டியை எடுத்து, அதைச் சோதிச்சால்தான் தரம் தெரியும். விட்டால் வலிப்புக் கூடும், பேச்சுப் போகும், வலக்கை போகும். கட்டி தன்ர பாட்டில நிக்காது."

தலையைத் திறப்பது என்ற சொல்லோடு இவர் எழும்பிவிட்டார். "அந்தக் கதையை விடுங்கோ" என்று வெளியே நடந்தார். வலிப்புக்குத் தந்த மருந்துக் குளிசையை வாங்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

பரந்தன் சந்தியில் இறங்கி, முல்லைத்தீவு பஸ்ஸுக்காகத் தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். இவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. றோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஷெல் எல்லாருக்கும் வந்தது, ராஜினி. அண்ணனுக்கு வந்தது. உன்ர அப்பாவுக்கு வந்தது. அதில எனக்கு ஒரு துண்டு. அந்த மட்டில சரி எண்டு இருந்தனான். இது ஏன் எனக்கு மட்டும் வந்தது? நான் ஆருக்கு என்ன செய்தனான்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனுசன் சாவுக்குப் பயந்து எழும்பி வரவில்லை. அண்ணனைக் கொண்டுபோன ஷெல்தான் தன்னையும் கொண்டுபோகும் என்றுதான் இவ்வளவு காலமும் காத்திருந்திருக்கிறார். இது அந்தச் சாவு இல்லை என்றதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நெஞ்சு உருகித்தான் போனது. ஆனால் எனக்கு உருக்கம் வந்தால் பின்னாலேயே கோபமும் வரும்.

"நீங்கள் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லை. அது தன்ர பாட்டில வந்தது. இஞ்ச கேளுங்கோ. உங்கட பீஸுக்கு இவ்வளவு காலமும் ஆரேனும் மருந்து சொன்னவையோ? எடுக்கவும் ஏலாது, கரைக்கவும் ஏலாது, அதோட கிடந்து சீரழிஞ்சம். இதுக்குப் பேர் இருக்கு. தரம் இருக்கு. வெட்ட ஆள் இருக்கு, மருந்து இருக்கு. உங்கட தலைக்குள்ள வைத்தியம் உள்ள சாமான் இது ஒண்டுதான். அதைப்போய் வேண்டாமெண்டு எழும்பி வாறியளே!"

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். வெட்கப்பட்டு மனுசனை இழக்க நான் என்ன பைத்தியமா? மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு இருந்தேன். இவர் ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார்.

முல்லைத்தீவு பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் கூவினான். இவர் எழும்பவில்லை. பஸ் போனபிறகு, பிறந்த நாள் தொட்டு அந்தச் சந்தி தெரிந்த மனுசன், தெரியாத ஆள் மாதிரி என்னிடம் கேட்டார்: "யாழ்ப்பாண பஸ் எந்தப் பக்கம் நிக்கும்?"

திரும்பிப் போய் டொக்டரிடம் இவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. "பீஸில கை வைக்கக்கூடாது."

"அதின்ர பக்கமே போகமாட்டம், அண்ணை."

கட்டி பேச்சுக்குரிய இடத்துக்குக் கிட்ட இருந்ததால், பாதியில் இவரை விழிக்கப்பண்ணிக் கதைக்க வைப்பார்களாம். கதை தடுமாறினால் அந்த இடத்தில் கை வைக்கமாட்டார்கள். மூளைக்கு நோகத் தெரியாது என்று டொக்டர் எத்தனை தரம் சொல்லியும் மாமிக்கு நடுக்கம் நிற்கவில்லை. "வெட்டேக்க முழிப்போ? என்ர ஆண்டவரே!" என்று செபமாலையைப் பிடித்தவ பிறகு விடவேயில்லை.

"அண்ணைக்கு எதைப் பற்றிக் கதைக்க விருப்பம்?" என்று டொக்டர் என்னைக் கேட்டார்.

"காத்தைப் பற்றிக் கேளுங்கோ, டொக்டர். தொடக்கிறது சுகம், நிப்பாட்டுறதுதான் கஷ்டம்."

அப்படியேதான் நடந்தது என்று தாதி பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னா. தலை திறந்து கிடக்க இவர் சோளகக் காற்றைப் பற்றிச் சொன்னாராம், வாடையைப் பற்றிச் சொன்னாராம், கச்சான் காற்றுக்குள் போய் வலை கிழிந்த கதையையும் சொன்னாராம். கொண்டல் காற்றுக்கு வந்தபோது "கொ... கொ..." என்று நின்றுவிட்டாராம். டொக்டர் அந்த இடத்தோடு கையை எடுத்துவிட்டார்.

"அதில கொஞ்சம் விட்டிருக்கிறம், அக்கா" என்றார் வெளியே வந்து. "பேச்சோட ஒட்டிக் கிடக்கு. மிச்சமெல்லாம் எடுத்தாச்சு."

நான் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கட்டுப்போட்ட தலையோடு கிடந்த மனுசனைப் பார்க்க விட்டபோது, அவர் என்னைக் கண்டதும் முதல் கேட்டது என்ன தெரியுமா? "பீஸ் இருக்கோ?" விடிய வெள்ளனத் தொடக்கம் பச்சைத் தண்ணி குடிக்காமல் வெளியே நின்றவள் நான். வந்த கோபத்தில் தலை என்றும் பாராமல் ஒரு குட்டுப் போட்டிருப்பேன், தாதி பக்கத்தில் நின்றதால் தப்பினார்.

"இருக்கு. உங்களுக்கு முதல் அதுதான் கண் முழிச்சது" என்றேன்.

வெட்டி எடுத்ததைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தார்கள். மறுமொழி வரும்வரை வீட்டில் யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. மேனுகாகூடப் புத்தகத்தை மெதுவாகத்தான் மூடினாள். நாலு என்று வந்துவிடுமோ என்ற பயத்தில் நான் அந்த இலக்கத்தையே வாயால் சொல்லாமல் விட்டேன்.

இரண்டு என்று வந்தது.

"இரண்டாம் தரம்" என்றார் கௌசலா டொக்டர். அவர் முகத்திலும் ஒரு வெளிச்சம். "அதோட கலத்தில ஐ.டி.எச். எண்டு ஒரு மாற்றம் இருக்கு. இந்த வகையில அது இருக்கிறதுதான் நல்லம். அப்பிடிப்பட்ட கட்டி சிகிச்சைக்குக் கொஞ்சம் பணியும். மிச்சம் இருக்கிறபடியாலும் வயது நாப்பது தாண்டினபடியாலும் கதிர்ச் சிகிச்சை குடுப்பம், பிறகு குளிசை. அதுக்குப் பிறகும் விடாமல் ஸ்கான் எடுத்துப் பாத்துக்கொண்டே இருக்கோணும்."

"முழுக்கச் சுகமாகுமோ, டொக்டர்?"

"உங்களுக்குப் பொய் சொல்லமாட்டன், அக்கா. வேர் எங்கயேனும் இருக்கும். ஒரு காலத்தில திரும்பித் தலை தூக்கக்கூடும். ஆனால் அதுக்கு முதல் வருசங்கள் இருக்கு. கனபேருக்கு நல்ல நீண்ட வருசங்கள். அதுக்குள்ள புது மருந்துகளும் வந்துகொண்டிருக்கு."

வருசங்கள். அந்தச் சொல்லை நான் வீடு வரும்வரை வாய்க்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

கதிர்ச் சிகிச்சைக்குத் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். தலை அசையாமல் இருக்க முகத்தின் அளவுக்கே ஒரு மூடி செய்து மாட்டினார்கள், கண் கண்ணாக ஓட்டை உள்ள மூடி. "இவ்வளவு காலமும் மீனைப் பிடிச்சனான், இப்ப நான் வலைக்குள்ள" என்று இவர் சொல்லிச் சிரித்தார். ஒரு பக்க முடி கொட்டியது. களைப்பு அடித்துப் போட்டது. குளிசை தொடங்கியபோது மீன் வாசமே பிடிக்கவில்லை, கடற்கரையில் பிறந்த மனுசனுக்கு! இவர் எரிந்து விழுந்தால் மாமி, "பாவம், அந்தக் கதிர் செய்யிற வேலை" என்பா. பீஸுக்கு விடுதலை கிடைத்துவிட்டது.

வலிப்பு நின்று காலம் கடக்கும்வரை கடலுக்குள் போகக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. கரையில் வலைக் கிழிசல் பொத்துகிறார், மீன் நிறுக்கிறார், எல்லோருக்கும் புத்தி சொல்கிறார். ஒரு நாள் யாரோ வந்து, "அனிஸ்ரன், காத்து எப்பிடி? பீஸ் என்ன சொல்லுது?" என்று கேட்க, இவர் தலையைத் தடவவே இல்லை.

"அதுக்கு ஒண்டும் தெரியாது. போனைத் திறந்து பாரும்" என்றார்.

கல்லறைத் திருநாள் வந்தது. மழை கொஞ்சம் விட்டிருந்தது. பெரிய சிலுவையடியில் வழக்கமான சனம். மேனுகா கொளுத்திய மெழுகுதிரி இரண்டு தரம் அணைந்தது. இவர் குந்தியிருந்து உள்ளங்கைகளால் சுடரை மறைத்துக்கொண்டு, "கொண்டல் அடிக்குது, பிள்ளை, இந்தப் பக்கமா வை" என்றார். கொண்டல் என்ற சொல் தடங்கல் இல்லாமல், முழுதாக வந்தது. அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

சுடர் நின்றது. செபம் முடிந்தது. இனி அந்த வழக்கமான வார்த்தை வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். இவர் மெழுகுதிரியைப் பார்த்து, பக்கத்தில் இருக்கிற ஆளோடு கதைப்பது போலச் சொன்னார்:

"அண்ணா, நான் வரக் கொஞ்சம் சுணங்கும்."

எனக்கு அதோடு விட மனம் வரவில்லை.

"கொஞ்சமோ?" என்றேன்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், மேனுகாவைப் பார்த்தார். பிறகு சிலுவையடிக்குத் திரும்பி, அண்ணனுக்கு நன்றாகக் கேட்கவேண்டும் என்பது போல உரத்துச் சொன்னார்:

"நல்லாச் சுணங்கும், அண்ணா. பாத்துக்கொண்டிருக்க வேண்டாம்."