கால் இல்லாத மேசை

இருபதாவது கையோ முப்பதாவது கையோ, ஊனா எண்ணவில்லை. யாருடைய கையையோ குலுக்கிக்கொண்டிருந்தபோதுதான், பக்கத்து அறையில் அடுத்த வீட்டு நோரீன் டீ பாய்லரைத் தூக்கிக்கொண்டு போய் அந்த மேசைமேல் வைப்பதைப் பார்த்தாள்.

எதிரே நின்றவர் தன் பெயரைச் சொன்னார், துக்கத்தில் தானும் பங்கு கொள்வதாகச் சொன்னார், அப்பாவின் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போனதாகவும் சொன்னார். ஊனா தலையை ஆட்டினாள். அவள் கண் முழுக்க பாய்லர்மேல்தான் இருந்தது. பதினைந்து லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பாய்லர் அது.

அப்பா கோர்மக், அவள் நாற்காலியிலிருந்து ஒரு கை தூரத்தில், கூடத்தின் நடுவே பெட்டிக்குள் கிடந்தார். நீல கோட்டு. விரல்களில் சுற்றிய ஜெபமாலை. நேற்று காலை நுரையீரல் ஒரேயடியாகக் கைவிட்டுவிட்டது. இன்று மூன்று மணியிலிருந்து எட்டு மணிவரை வீடு ஊருக்கெல்லாம் திறந்திருக்கிறது. முப்பத்தோரு வருஷம் பள்ளி பஸ் ஓட்டியவர் என்பதால் நாலு ஊர் ஜனமும் வந்திருந்தது. வரிசை வாசலைத் தாண்டி, தூறலில் நனைந்தபடி பாலினா சாலைவரை நீண்டிருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் முதலில் அம்மா பிரீடா, அடுத்து ஊனா. வரிசை தீரும்வரை அவர்கள் எழுந்திருக்கக் கூடாது. அதுதான் அங்கே முறை.

பாய்லரை அடுத்து சாண்ட்விச் தட்டுகள் வந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக நாலு. அப்புறம் மாதா கோயில் கூடத்திலிருந்து இரவல் வாங்கி வந்த கப்புகள் ஒரு கூடை. அப்புறம் யாரோ ஒரு புண்ணியவதி செங்கல் கனத்தில் சுட்டுக்கொண்டு வந்த பழக் கேக்.

அந்த மேசையைப் போட்டது அப்பா. அதுதான் பிரச்சினை.

ஜனவரியில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள டப்ளினிலிருந்து வந்தவள் ஊனா. இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். கட்டிலில் உட்கார்ந்து மடிமேல் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அவள் படும் பாட்டை நாலு மாதம் பார்த்துக்கொண்டே இருந்த அப்பா, மே மாதம் ஒரு திங்கட்கிழமை, கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் ஒரு மேசை போட்டுத் தருகிறேன் என்றார். கால் இல்லாத மேசை, சுவரோடு சுவராக. அப்போதுதான் உட்காருகிறவளுக்குக் காலை நீட்ட இடமிருக்குமாம். மூச்சே ஒழுங்காக வராத மனுஷனுக்கு இதெல்லாம் எதற்கு, மாலகியைக் கூப்பிடுங்கள் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள்.

மாலகி அப்பாவின் அண்ணன். கட்டட வேலையில் கை தேர்ந்தவர். அந்த அறையின் கல்சுவர் ஈரம் கசிகிறது என்று, இருபது வருஷத்துக்கு முன்னால் மரச்சட்டம் அடித்து அதன்மேல் ஜிப்சம் போர்டு போட்டு மூடியவரே அவர்தான். கை எவ்வளவு சுத்தமோ வாய் அவ்வளவு மோசம். கோர்மக் அடித்த ஆணியில் கோட்டை மாட்டினால் கோட்டோடு சுவரும் கையில் வரும் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சுவர்தான் கோணல் என்று அப்பா சொன்னால், ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்.

"இந்த ஒரு தடவை அவன் வேணாம்," என்றார் அப்பா.

ஒரு நாள் வேலை ஒன்பது நாள் ஆனது. ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் கால் மணி நேரம் உட்கார வேண்டும். இடது பக்கம் கவலையில்லை, அங்கே புகைபோக்கியின் செங்கல் இருந்தது. வலது பக்கம்தான் போர்டு. போர்டு என்பது என்ன, காகிதத்துக்கு நடுவே சுண்ணாம்பு. ஸ்க்ரூ போர்டைத் தாண்டிப் பின்னால் இருக்கும் மரச்சட்டத்தைப் பிடித்தால்தான் பாரம் தாங்கும். பிடித்ததா இல்லையா என்பதை டிரில் போடும்போது விழும் பொடியே சொல்லிவிடும். மரம் என்றால் பழுப்புப் பொடி. ஊனாதான் கீழே தூசி உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது பக்கம் நாலு துளை. நாலிலும் வெள்ளைப் பொடி மட்டுமே வந்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் பிளக்கைச் செருகி, பலகையைத் தாங்கும் இரும்பு ஆங்கிளை முடுக்கி, பலகையை வைத்து, உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"மேல ஏறி நின்னு டான்ஸே ஆடலாம்," என்று சிரித்தார், இருமினார், மறுபடியும் சிரித்தார்.

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. ஆறு நாள் அந்த மேசைமேல் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு கப்பும்தான். முழங்கையைக்கூட ஊன்றாமல் வேலை பார்த்தாள். ஏழாம் நாள் அப்பா போய்விட்டார்.

அது இப்போது விழுந்தால், நாலு ஊர் ஜனத்துக்கு முன்னால் விழும். கொதிக்கும் தண்ணீரோடு விழும். யாருக்கும் சுடாமல் தப்பினாலும் கதை தப்பாது. அந்தப் பக்கத்தில் மனுஷர் செத்தாலும் கதை சாகாது. தன் சாவுக்கு வந்தவர்கள்மேலேயே டீயைக் கொட்டிய கோர்மக் என்று, பேரன் காலம்வரை சொல்லிச் சிரிப்பார்கள். முப்பத்தோரு வருஷம் ஒரு பிள்ளைக்கும் சிராய்ப்புகூட இல்லாமல் பஸ் ஓட்டியது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஊனா எழுந்தாள். எங்கிருந்தோ வந்த நோரீன் அவள் தோளைப் பிடித்து அப்படியே உட்கார வைத்தாள். ஊரில் எந்த வீட்டில் சாவென்றாலும் சமையலறை அவள் ராஜ்ஜியம்.

"அந்த பாய்லரை மட்டும் கொஞ்சம் சமையலறைக்கு..." என்று ஊனா ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு உனக்கு இங்க ஒரு வேலையும் கிடையாதும்மா. அப்பா பக்கத்துல உக்காரு. மத்ததெல்லாம் எங்க பாடு."

துக்க வீட்டுக்காரர்கள் ஒரு கரண்டியைக்கூடத் தொடக் கூடாது. அதுவும் முறைதான். ஏன் என்று நோரீன் கேட்டிருந்தால், அப்பா போட்ட மேசை தாங்காது என்று அந்தப் பெட்டிக்கு முன்னால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கும். ஊனா அடுத்த கையைக் குலுக்கினாள்.

ஐந்து மணிக்குப் பெரியப்பா மாலகி வந்தார். எழுபது வயது, வாசலை அடைக்கும் உடம்பு. அம்மாவின் கையைப் பிடித்தார். பெட்டிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் நின்றார். தம்பியைத் தொடவுமில்லை, ஒரு வார்த்தை பேசவுமில்லை. நேரே சின்ன அறைக்குப் போனார்.

திறந்த கதவு வழியாக ஊனா பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பும் கையுமாகப் பத்துப் பேர் அங்கே நின்றார்கள். பெரியப்பா மேசை முன்னால் நின்றார். உள்ளங்கையை வலது மூலைக்கு அடியில் கொடுத்தார். சுவரைப் பார்த்தார். போச்சு, என்று நினைத்தாள் அவள். மேசையை கோர்மக்கா போட்டான் என்று ஒருவன் கேட்டான்.

"ஆமா. பாத்தாத் தெரியல? நேரா இருக்கே," என்றார் பெரியப்பா.

எல்லாரும் மெல்லச் சிரித்தார்கள். தம்பி செத்தும் விடமாட்டாரா இவர் என்று ஊனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ ஒரு நாற்காலியை இழுத்து மேசையின் வலது மூலையோடு ஒட்டிப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வழியில் உட்கார்ந்திருக்கிறாரே என்று நோரீன் இரண்டு முறை முணுமுணுத்துப் பார்த்தாள். நாளைக்குப் பெட்டியை யார் யார் தூக்குவது என்று கேட்க ஆள் வந்தபோதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பெயர்களைச் சொல்லி அனுப்பினார். அதிசயமாக ஒரு கிண்டல் இல்லை, ஒரு கதை இல்லை. டீ கொடுத்தால் வாங்கிக்கொண்டார்.

ஏழரைக்குப் பாதிரியார் வந்தார். ஜெபமாலை தொடங்கியது. கூடத்திலும் நடையிலும் சமையலறையிலும் இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே முழங்காலிட்டார்கள். மூட்டுவலிக்கார நோரீன்கூட மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மொத்த வீட்டிலும் பெரியப்பா ஒருவர்தான் நாற்காலியில், போட்ட கால் போட்டபடி. பாதிரியார் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

"சொந்தத் தம்பிக்கு முட்டி போடக்கூட மனசு வரல," என்று அம்மா ஊனாவின் காதில் சொன்னாள். அன்று முழுக்க அழாதவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

எட்டு மணிக்குக் கூட்டம் கலைந்தது. ஜூன் மாதம் என்பதால் வெளியே நல்ல வெளிச்சம். நோரீனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஊனா சின்ன அறைக்குள் போனாள். இன்று நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்றுதான் போனாள்.

"பெரியப்பா, நீங்க..."

"மொதல்ல பாய்லரை எடு," என்றார். "மெதுவா."

அவர் முகம் வேர்த்திருந்தது. ஊனா குனிந்து பார்த்தாள். மேலே போட்டிருந்த காலின் முட்டி மேசைக்கு அடியில் முட்டுக்கொடுத்து நின்றது. முட்டிக்கும் பலகைக்கும் நடுவில் மடித்து வைத்த தொப்பி. ஆங்கிள் சுவரை விட்டு ஒரு விரல் அகலம் வெளியே வந்திருந்தது. போர்டு கிழிந்து, அவருடைய கறுப்புக் கால்சட்டையெல்லாம் வெள்ளைப் பொடி.

அவள் பாய்லரை எடுத்தாள். தட்டுகளை எடுத்தாள். கப்புக் கூடை, மிச்சக் கேக். அவ்வளவையும் கீழே வைத்த பிறகு, "எனக்குத் தெரியும் பெரியப்பா," என்றாள். "வெள்ளைப் பொடி மட்டுந்தான் வந்துச்சு. அப்பாகிட்ட சொல்லல. அவர் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தாலாவது..."

"கேட்டான்."

ஊனா நிமிர்ந்தாள்.

"மேசை போடறப்போ, ஒரு செவ்வாக்கிழமை போன் பண்ணான். சட்டம் எங்கெங்க அடிச்சிருக்கேன்னு கேட்டான். நான் அடிச்சது, எனக்குத் தெரியாதா? இவன் போட்ட எடத்துலேருந்து நாலு விரக்கடை தள்ளி இருக்கு." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "காது இருக்கில்ல, சுவத்தைத் தட்டிப் பாத்துக்கோன்னேன். சிரிச்சேன். அவனும் சிரிச்சான். போனை வெச்சுட்டான்."

நடையில் காலடி கேட்டது. பெரியப்பா முட்டியை மறுபடியும் மேசைக்கு அடியில் அழுத்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா வாசலில் வந்து நின்றாள்.

"இன்னிக்கு ஒரு நாளாவது அவருக்கு மரியாதை குடுத்திருக்கலாம் மாலகி. ஊரே பாத்துச்சு."

"முட்டி வலி பிரீடா," என்றார். "தப்புதான்."

ஊனா வாயைத் திறந்தாள். அவர் தலையை லேசாக ஆட்டினார். அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். காலியான மேசையை ஒரு தரம் தடவினாள். நல்ல மேசை, ஒரு கறைகூடப் படவில்லை என்று சொல்லிவிட்டு மாடிக்குப் படுக்கப் போனாள்.

அவள் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகு, இரண்டு பேருமாகப் பலகையைக் கழற்றி ஓசைப்படாமல் தரையில் இறக்கினார்கள். பெரியப்பாவுக்குக் கால் மரத்துப் போயிருந்தது. ஊனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கூடம்வரை நடந்தார். பெட்டிக்கு முன்னால் முழங்காலிடப் பார்த்தார். கால் மடங்கவில்லை. இன்னொரு தடவை முயன்று பார்த்துவிட்டு, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஊனா அங்கே நிற்க வேண்டாம் என்று சமையலறைக்குப் போய்க் கப்புகளைக் கழுவத் தொடங்கினாள். கூடத்தில் அவர் ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தது கேட்டது. ஒருவர் முதல் பாதியைச் சொல்ல மற்றவர்கள் அடுத்த பாதியைச் சொல்வதுதான் ஜெபமாலை. பழக்க தோஷத்தில், பாதியில் நிறுத்திவிட்டு அவர் காத்துக்கொண்டிருந்தார்.

ஊனா குழாயை மூடினாள். ஈரக் கையோடு, இருந்த இடத்திலிருந்தே, மீதிப் பாதியைச் சொன்னாள். பிறகு அவர் அடுத்ததைத் தொடங்கினார்.