தண்ணீர்க் கமிட்டியில் பதினொரு பேர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மாசி மாதம், சிராங்கூன் சாலையில் இருந்த ஒரே தண்ணீர்க் குழாய்க்குப் போலீஸ்காரர்கள் பூட்டுப் போட்டுவிட்டார்கள். அதற்கு முதல் நாள் குழாயடியில் பெரிய அடிதடி. வண்டிக்காரர்கள் மாடுகளை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தி வழியை அடைத்தார்கள். கடைக்காரர்களின் ஆட்கள் வாளிகளோடு உள்ளே புகுந்தார்கள். இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. யார் முதலில் கை ஓங்கியது என்று இரண்டு தரப்பும் இரண்டு கதை சொன்னன.

அந்தச் சண்டையில் சேராதவள் பாக்கியலட்சுமி. ஆனால் அதிகம் அடிபட்டவள் அவள்தான். மாட்டுக் கொட்டடிகளுக்குப் பின்னால் ஏழு கறவை மாடுகள் வைத்திருந்தாள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு மாட்டு லைசென்ஸைத் தன் பேருக்கே மாற்றிக்கொண்டு, ஒற்றை ஆளாகத் தொழிலை நடத்திவந்தாள். குழாய் பூட்டியதும் பால் செம்புகளைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவ வேண்டி வந்தது. வெயில் காலத்துக் கிணறு. கலங்கலும் உப்பும் வீச்சமுமாக இருந்தது. காலையில் ஊற்றிய பால் பத்து மணிக்குள் திரிந்துபோனது. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

முனிசிபாலிட்டியின் சுகாதாரத் துரை மொழிபெயர்ப்பாளரோடு வந்து, எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். புதிதாக மூன்று குழாய் தருவதற்குத் தயார். ஆனால் எந்த இடத்தில் போடுவது, யார் எந்த நேரம் பிடிப்பது, சுற்றி இருக்கிற குப்பையை யார் அள்ளுவது என்பதையெல்லாம் ஊர்க்காரர்களே ஒரு கமிட்டி போட்டுத் தீர்மானிக்க வேண்டும். வண்டிக்காரர்களுக்கு நாலு இடம், கடைக்காரர்களுக்கு நாலு, பால்காரர்களுக்கு மூன்று. லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் தங்களுக்குள் ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். சித்திரைக்குள் கமிட்டி அமையாவிட்டால் குழாய் வேறு கம்பத்துக்கு, பக்கத்துக் குடியிருப்புக்கு, போய்விடும்.

வண்டிக்காரர்கள் பரமசிவத்தையும் அவர் ஆட்கள் மூன்று பேரையும் தேர்ந்தெடுத்தார்கள். கடைக்காரர்கள் நாகப்பட்டினத்து மரைக்காயரான மளிகை வியாபாரி ஜமால் முகம்மதுவையும் அவரோடு மூன்று பேரையும். பால்காரர்களில் பாக்கியலட்சுமி, வேலாயுதம், காது மந்தமான சுப்பையாக் கோனார். பொம்பளை எப்படிக் கமிட்டியில் உட்காருவாள் என்று முணுமுணுப்பு எழுந்தது. லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் ஆள் என்று துரை முடித்துவிட்டார்.

நாலு, நாலு, மூன்று. யாருக்கும் பாதி இல்லை. தலைவராக வேண்டுமென்றால் ஆறு கை வேண்டும். இது ஊருக்குப் புரிந்த அன்றே பாக்கியலட்சுமி வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் பரமசிவமே வந்தார். அவள் புருஷனுக்குத் தூரத்துப் பங்காளி.

"பாக்கியம், நீ நம்ம ஆளு. நம்ம சனம் ஒண்ணா நின்னா அவங்க என்ன செய்ய முடியும்? மூணு கையும் எனக்குத்தான், என்ன?"

"குழாயை எங்க போடுவீங்க அண்ணே?"

"மூணும் கொட்டடிப் பக்கம்தான். மாடு எங்க இருக்கோ அங்கதானே தண்ணி?"

"கடைத்தெருவுல இருக்கறவங்க குடிக்க மாட்டாங்களா?"

பரமசிவம் எழுந்தார். "யோசிச்சுச் சொல்லு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

ஜமால் முகம்மது வீட்டுக்கு வரவில்லை. அவள் பால் ஊற்றக் கடைக்குப் போனபோது, மூட்டைகளுக்கு நடுவே ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். அவர் பேச்சில் மரியாதை இருந்தது, கணக்கும் இருந்தது.

"அம்மா, உங்க மூணு பேரும் எங்களோட சேர்ந்தா ஏழு. நீங்க கேக்குற நேரத்துக்குத் தண்ணி. எழுதியே தர்றேன்."

"அப்ப வண்டிக்காரங்க?"

"அவங்க அப்புறம். முதல்ல நாம உட்காருவோம்."

அந்த வாரமே வேலாயுதம் கட்சி மாறினான். பரமசிவம் அவனுக்குக் காரியதரிசிப் பதவி தருவதாகச் சொன்னாராம். பாக்கியலட்சுமி அவனை வழியில் நிறுத்திக் கேட்டாள்.

"ஏன்டா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா?"

"நான் என்ன செய்யுறது அக்கா? காரியதரிசின்னா எனக்கும் நாலு பேரு மத்தியில ஒரு பேரு."

அவள் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து மாட்டுக்கு வைக்கோல் போட்டாள். மூன்றாக இருந்தவள் இரண்டானாள். இனி யாருக்கு நான் வேண்டும் என்று நினைத்தாள். பிறகு விரல் விட்டுப் பார்த்தாள். பரமசிவத்துக்கு ஐந்து. ஜமால் முகம்மதுவுக்கு நாலு. இன்னமும் யாருக்கும் ஆறு இல்லை. அவளும் கோனாரும் கடைக்காரர்களோடு சேர்ந்தால் ஆறுக்கு ஐந்து என்று ஜெயிக்கலாம். வேலாயுதம் முகத்தில் அப்போது ஈ ஆடாது.

அந்த நினைப்பு இனித்தது. ஆனால் செம்பைத் தூக்கிக்கொண்டு பூட்டிய குழாயைக் கடந்து போகும்போதெல்லாம் அந்த இனிப்பு கரைந்தது. ஆறு பேர் உள்ளே, ஐந்து பேர் வெளியே என்றால் என்ன ஆகும்? குழாய்க்கு வருகிற பாதை வண்டிக்காரர்களின் கொட்டடி வாசல் வழியாகத்தான். குப்பையை அள்ள வண்டி அவர்களிடம்தான். மறுபடியும் ஒரு மண்டை உடைந்தால் மறுபடியும் ஒரு பூட்டு.

மறுநாள் ஜமால் முகம்மதுவிடம் போனாள்.

"என் கையும் கோனார் கையும் உங்களுக்கு. ஆனா ஒரு பேச்சு. பரமசிவம் அண்ணனையும் உள்ள சேர்க்கணும். முதல் ஆறு மாசம் நீங்க தலைவர். அடுத்த ஆறு மாசம் அவரு. குப்பை, வண்டி எல்லாம் அவங்க பொறுப்பு. முனிசிபாலிட்டிகிட்ட பேசுறது உங்க பொறுப்பு. தண்ணி பிடிக்கிற நேரம் என் பொறுப்பு. குழாய் ஒண்ணு கொட்டடிக்கு, ஒண்ணு கடைத்தெருவுக்கு, ஒண்ணு நடுவுல."

ஜமால் முகம்மது சிரித்தார். "ஜெயிச்ச கையோட எதுக்கும்மா பாதியைத் தூக்கிக் கொடுக்கணும்? என் ஆளுங்க என்னைச் சும்மா விடுவாங்களா? மண்டை உடைஞ்சது எங்க பையனுக்கு."

"இன்னொரு மண்டை அவங்க பக்கம்தானே மரைக்காயரே?"

"இதுக்கு நான் ஒத்துக்கலேன்னா?"

"நான் கை தூக்க மாட்டேன். கோனார் என் கையைப் பார்த்துத்தான் தூக்குவாரு. குழாய் வேற கம்பத்துக்குப் போகட்டும். நான் மாட்டை வித்துட்டு வேற பிழைப்புப் பார்க்கறேன்."

 விற்க மனம் வராது என்று அவளுக்கே தெரியும். அவருக்கும் அது தெரிந்திருக்கலாம். அரிசி மூட்டையின் மேல் விரலால் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சு சொல்றேன்."

தொழுகை முடிந்து அவரே பால் கொட்டகை வாசலுக்கு வந்தார். சாணியை மிதிக்காமல் ஓரமாக நின்றார்.

"சரி. ஆனா அவர்கிட்ட நீங்கதான் பேசணும். நான் போனா அவரு மாட்டை அவிழ்த்து விட்டாலும் விடுவாரு."

பரமசிவம் கொட்டடியில் ஒரு காளைக்கு லாடம் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"ஜெயிச்சவ எனக்குப் பிச்சை போட வந்தியா?"

"வாசல்ல நிக்கிறது நான்தானே அண்ணே. உங்க வண்டி இல்லாம ஒரு நாள் குப்பை போகாது. அதான் கேக்க வந்தேன்."

அவள் ஏற்பாட்டைச் சொன்னாள். அவர் காளையின் காலைக் கீழே விட்டார்.

"அவரு எதுக்கு முதல்ல? அஞ்சு கை என்கிட்ட இருக்கு. அவர்கிட்ட நாலுதான்."

"அவரு என் ஆளை இழுக்கல, அண்ணே."

பரமசிவத்தின் முகம் கறுத்தது. ஆனால் அவள் எதிர்பார்த்ததுபோல் அவர் கத்தவில்லை. தொட்டியில் இருந்த கிணற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்த்துவிட்டுக் கீழே கொட்டினார்.

"மாடு இதைக் குடிக்க மாட்டேங்குது" என்றார். பிறகு, "ஆறு மாசம் கழிச்சு அவரு எழுந்திருக்கலேன்னா?" என்று கேட்டார்.

"அன்னிக்கு என் ரெண்டு கையும் உங்க பக்கம்."

கோயிலும் வேண்டாம், பள்ளிவாசலும் வேண்டாம் என்று, ஒரு சீனருடைய அன்னாசித் தொழிற்சாலைக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். பழத்தோல் வாடை மூக்கைத் துளைத்தது. பாக்கியலட்சுமி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கோனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜமால் முகம்மது ஏற்பாட்டை எடுத்துச் சொன்னார். பரமசிவத்தின் ஆட்களில் ஒருவர், "துலுக்கனுக்குக் கீழ நான் உட்காரவா?" என்று எழுந்து வெளியே போய்விட்டார்.  பரமசிவம் வாசலைப் பார்த்தார். அவரும் எழுந்துவிடுவார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவர் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார். மீதி இருந்த அவர் ஆட்கள் இரண்டு பேரும், கடைக்காரர்கள் நாலு பேரும் தூக்கினார்கள். பாக்கியலட்சுமி தூக்கினாள். கோனார் அவளைப் பார்த்துத் தூக்கினார். கடைசியாக, தரையைப் பார்த்துக்கொண்டே வேலாயுதமும். பத்துக் கை.

வைகாசியில் மூன்று குழாய்களும் வந்தன. திறந்த அன்று தண்ணீர் சீறியதைப் பார்த்துப் பெண்கள் குலவையிட்டார்கள். பாக்கியலட்சுமியின் பால் மறுபடியும் மாலைவரை திரியாமல் நின்றது.

எல்லாம் சுகமாகவே போனது என்று சொல்ல முடியாது. குப்பை வண்டி வரவில்லை என்று கடைக்காரர்கள் சத்தம் போட்டார்கள். இரண்டு தரம் பரமசிவம் விலகுவதாகச் சொல்லி, இரண்டு தரமும் அடுத்த கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார். நோன்பு மாதம் வந்தபோது நோன்பு தொடங்குமுன் உண்ணும் சஹர் சமையலுக்கு விடியுமுன் தண்ணீர் வேண்டும் என்று கடைத்தெரு கேட்டது. அது பால்காரர்களின் நேரம். பாக்கியலட்சுமி ஒரு மாதத்துக்குத் தன் நேரத்தை விட்டுக்கொடுத்தாள். அதைக் கேட்ட பரமசிவம், கொட்டடிக் குழாயில் பால்காரர்கள் முதலில் பிடிக்கட்டும், எங்கள் மாடுகளுக்கு அப்புறம் தண்ணீர் காட்டுகிறோம் என்று தன் ஆட்களைக் கேட்காமலே சொல்லிவிட்டார். அவர்கள் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஆறு மாதம் முடிந்தது. ஜமால் முகம்மது எழுந்திருக்க மாட்டார் என்று தெருவில் பந்தயம் கட்டியவர்கள் இருந்தார்கள். பெருநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, அதே கொட்டகையில், அவர் நாற்காலியிலிருந்து எழுந்து பக்கத்துப் பலகையில் போய் உட்கார்ந்தார்.

"வாங்க பரமசிவம். இனி உங்க தலைவலி."

பரமசிவம் உடனே போகவில்லை.  பாக்கியலட்சுமியை ஒரு முறை பார்த்தார். அவள் தலையை அசைத்தாள். போய் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தார்.

"சாலைக்கு விளக்குக் கம்பம் நாலு தர்றாங்களாம். எங்க போடலாம்? முதல்ல பாக்கியம் சொல்லட்டும்."

"நாலுல ரெண்டு கடைத்தெருவுக்கு" என்று யாரோ அதற்குள் குரல் கொடுத்தார்கள். "அதெப்படி?" என்று இன்னொரு பக்கம் எழுந்தது. வேலாயுதம் தனக்கென்று ஒரு யோசனை வைத்திருந்தான். கோனார் என்ன சண்டை என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். பாக்கியலட்சுமி எழுந்து நின்று, சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, பேசத் தொடங்கினாள்.