ஜெப நேரத்துப் பூட்டு

"பின்கதவைப் பூட்டுறதை உன் கண்ணால பார்த்திருக்கியாம்மா?"

போன மாதம் தையல் கம்பெனியைச் சோதனை போட வந்த அதிகாரியம்மா அவளிடம் இப்படித்தான் கேட்டார். காலர் தைக்கும் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "இல்லீங்க" என்றாள். வாய் திறக்காத பெண் என்பதால் கம்பெனியில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். எட்டாவதோடு படிப்பை விட்டவள்தான், ஆனால் சபைக்காரி, பொய் சொல்ல மாட்டாள் என்று ஊரே சொல்லும். அந்தப் பேச்சை நம்பித்தான் சூப்பர்வைசர் அவளை அதிகாரிக்குக் கைகாட்டினார்.

அவள் சொன்னதும் பொய்யில்லை. வயிற்றெரிச்சலே அதுதான்.

சூப்பர்வைசர் அவளுடைய தாய்மாமா. சபையில் மூப்பர். அப்பா போன பிறகு குடும்பத்தைத் தாங்கியவர், இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். தினமும் மெஷின் ஓடுவதற்கு முன் அவர்தான் ஜெபம் பண்ணுவார். எல்லோரும் எழுந்து கண்ணை மூட வேண்டும். கர்த்தரை அறியாதவர்களும் மூடுவார்கள். சம்பளம் தருகிற இடத்தில் சாமியைப் பற்றி யார் தர்க்கம் பண்ணுவது? ஜெபித்தபடியே மாமா வரிசைகளுக்கு நடுவில் நடப்பார். குரல் பின்கதவுப் பக்கம் போகும், சற்று நிற்கும், திரும்பி வரும். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் கதவில் பூட்டு தொங்கும். துணி திருட்டுப் போகக் கூடாதாம், முதலாளி உத்தரவு. யார் பூட்டுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். பார்த்தவர்தான் ஒருவரும் இல்லை.

அதிகாரி வருகிற நேரத்துக்கு மட்டும் கதவு ஆவென்று திறந்து கிடக்கும்.

போன வாரம் முன்வாசல் பக்கத்து அயர்ன் மேசையில் துணிக்கட்டு பற்றிக்கொண்டது. புகைக்குப் பயந்து பெண்கள் பின்கதவுக்கு ஓடினால், பூட்டு. சாவி மாமாவின் பையில். மாமா முதலாளியின் அறையில். அயர்ன் போடுகிற அக்காவுக்குத் தெருக்கோடி வரை கேட்கிற தொண்டை, அதனால் சைரன் அக்கா என்பார்கள். அவள்தான் எரிகிற துணிக்கட்டை வெறுங்கையால் இழுத்துத் தண்ணீர்த் தொட்டியில் தள்ளினாள். இரண்டு உள்ளங்கையும் வெந்து போயின.

ஞாயிற்றுக்கிழமை மாமா சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னார்: "ஒரு தலைமுடிகூடக் கருகாம கர்த்தர் காப்பாத்தினாரு." சபை ஸ்தோத்திரம் சொன்னது. அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை தீப்பிடித்தது.

அன்று சாயங்காலமே மாமா வீட்டுக்கு வந்தார்.

"தீப்பிடிச்சதை விசாரிக்க நாளைக்கு மத்தியானம் அந்தம்மா மறுபடி வருது. போன தடவை சொன்னதையே சொல்லிடு."

"பூட்டுறது நீங்கதானே, மாமா?"

"நீ பார்த்தியா?"

"பார்க்கக் கூடாதுன்னுதானே ஜெபமே பண்றீங்க!"

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். ஊமைக்கோட்டான் இப்படிப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"நாக்கை அடக்கு. மேல இருக்கிறவங்களுக்கு அடங்கி நடக்கச் சொல்லுது வேதம். முதலாளியை அங்க வச்சது கர்த்தர்."

"இயேசுவோட அப்போஸ்தலரைப் பிடிச்சு ஜெயில்ல போட்டவங்களும் மேல இருந்தவங்கதான். வாயைத் திறக்காதேன்னதும் அப்போஸ்தலர் சரிங்கய்யான்னு வீட்டுக்குப் போனாங்களா? அந்தப் பக்கத்தை மட்டும் ஏன் மாமா நீங்க புரட்டவே மாட்டேங்கிறீங்க?"

"பாரு அக்கா, எட்டாவது தாண்டாதது எனக்கு வேதம் நடத்துது."

"உப்பிட்டவரை எதிர்த்துப் பேசாதடி," என்றாள் அம்மா.

"அந்த உப்பைச் சைரன் அக்கா கையில தடவச் சொல்லும்மா. எரியுதா பார்ப்போம்."

மாமா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். "நாளைக்கு வாயைத் திறந்தா வேலையும் இல்ல, சபையும் இல்ல. யோசிச்சுக்கோ."

மறுநாள் காலை எல்லோரும் எழுந்து நின்றார்கள். சைரன் அக்காவும் வந்திருந்தாள், கட்டுப்போட்ட கைகளோடு, லீவுக்குச் சம்பளம் கேட்க. மாமா தொடங்கினார். "இரக்கமுள்ள பிதாவே, இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தீங்கும் வராம..."

அவள் கண்ணை மூடவில்லை.

மாமாவின் கண்களும் மூடியிருக்கவில்லை. வாய் ஜெபித்துக்கொண்டே போக, கை பையிலிருந்து பூட்டை எடுத்தது. நடையில் ஒரு தடுமாற்றம் இல்லை. இந்தக் குரலுக்குத்தானே இத்தனை நாள் உருகினோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பூட்டு தாழ்ப்பாளில் நுழைந்தது.

"கண்ணைத் திறங்க!" என்று கத்தினாள். "எல்லாரும் கண்ணைத் திறங்க! பின்னால பாருங்க!"

திறந்தார்கள். பார்த்தார்கள்.

"ஜெபம் முடியல. மூடுங்க கண்ணை," என்றார் மாமா.

யாரும் மூடவில்லை.

"சீக்கிரம் ஆமென் சொல்லுங்க மூப்பரே, எவ்வளவு நேரம்தான் பூட்டைப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்க?" என்றாள் சைரன் அக்கா. யாரோ சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள்.

ஊமைக்கோட்டான் மெஷின்களைச் சுற்றிக்கொண்டு போய் மாமாவின் முன்னால் நின்றாள்.

"அந்தம்மா கேட்டா சொல்வேன். கேக்கலைன்னாலும் சொல்வேன். என்னை வேலையை விட்டுத் தூக்குங்க, சபையை விட்டுத் தள்ளுங்க. கர்த்தர் பேரைச் சொல்லி எங்களை உள்ள வச்சுப் பூட்டினீங்களே, அதுக்கு அவர்கிட்ட நீங்கதான் பதில் சொல்லணும். முதலாளி வந்து சொல்ல மாட்டாரு."

அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லிப் பாஸ்டரிடம் அழைத்துப் போன மாமா, அவள் முகத்தை யாரோ போலப் பார்த்தார். பிறகு பூட்டைக் கழற்றிப் பக்கத்து மெஷின் மேல் வைத்தார். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வரிசைகளுக்கு நடுவே நடந்து, முன்வாசல் படியிறங்கிப் போனார்.